ஆடியில் வந்த கல்லடைப்பு

மோதிரத்தைக் கழற்றாமல் எந்த மிஷின் பக்கமும் போகாதே என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் நான். விழுப்புரத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுக்கு வாத்தியார். வருஷா வருஷம் முதல் வகுப்பு பாதுகாப்பைப் பற்றித்தான். மோதிரம், கைக்கயிறு, வாட்ச், தொளதொள சட்டை எல்லாவற்றுக்கும் தடை. போர்டில் எழுதி அடிக்கோடும் போடுவேன். அப்படிப்பட்ட ஆள் ஒரு வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு ஏறக்குறைய ஏழு மணி நேரம் தவித்த கதை இது. மாட்டிக்கொண்டது விரல் இல்லை. விரலாக இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

(எங்கே என்று கேட்கிறீர்களா? ஆண்பிள்ளை மோதிரம் போடக்கூடாத இடம் உடம்பில் ஒன்றே ஒன்றுதான். அங்கேதான்.)

எனக்குக் கல்யாணம் ஆனது வைகாசியில். மனைவி பெயர் நித்யா, ஊர் திண்டிவனம், அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன், கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கக் கூச்சப்படுவது நின்று, சிரிக்க ஆரம்பித்த நேரத்தில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். மாமனார் தட்டு நிறைய சீரோடு வந்தார், எனக்கு வேட்டி சட்டை கொடுத்தார், பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் எங்கள் அம்மா கணக்கில் அந்த ஒரு மாதத்துக்குத் திண்டிவனம் துபாயில் இருந்தது. போனில் பேசலாம். போய்ப் பார்க்கக்கூடாது.

தனியாக இருக்கிற ஆம்பளைக்கு மூளை கண்ட பக்கம் போகும். எனக்கு அது ஒரு விளம்பரத்தின் பக்கம் போனது. 'திருமணமான ஆண்களுக்கு' என்று ஆரம்பித்த விளம்பரம். ஒரு வளையம், போட்டுக்கொண்டால் நீண்ட நேரம், நம்பிக்கை, மகிழ்ச்சி இத்யாதி. இதில் நித்யாவை இழுக்கக் கூடாது. அவள் என்னைக் குறை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானே கேள்வித்தாள் தயாரித்து, நானே பரீட்சை எழுதி, நானே திருத்தி, என்னை நானே ஃபெயிலாக்கிக்கொண்டேன். ஆடி முடிந்து அவள் திரும்பி வருகிற அன்றைக்கு அசத்திவிட வேண்டும் என்பது திட்டம். ஆர்டர் போட்டேன்.

அதே விளம்பரத்தில் ரப்பர் வளையமும் இருந்தது. ஸ்டீல் வளையமும் இருந்தது. பிட்டர் வாத்தியார் ரப்பர் வாங்குவானா? (புத்தி.) ஸ்டீலில் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று மூன்று வளையம் சேர்ந்த செட்டை வாங்கினேன். கண்ணாடி மாதிரி பாலிஷ், ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. வேலைப்பாட்டைப் பார்த்து மனசார மெச்சினேன்.

பார்சல் வந்த அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பார்சல் வந்தாலும் அம்மாதான் பிரிப்பார். யார் பெயருக்கு வந்தது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. சாயந்திரம் வந்து பார்த்தால் சமையல் மேடையில் மூன்று வளையமும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இது இன்னாடா என்று கேட்டார். லேத்துக்கு வாங்கினது என்றேன். மூணும் வேணுமா என்றார். அம்மா பெரிய வளையத்தை எடுத்து ஜன்னல் கொக்கியில் மாட்டி, அதில் அடுப்படிப் பிடிதுணியைத் தொங்கவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொருந்தியிருக்கக்கூடிய சைஸ் அது ஒன்றுதான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அதைக் கொடு என்று அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

மிச்சம் இரண்டு. வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தேன். நடுத்தர வளையம் சரியாக இருக்கும் என்று கணக்கு வந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் அளந்த அளவு அது. சும்மா இருப்பதற்காக யாரும் இதை வாங்குவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சூடு ஏறினால் பொருள் விரியும் என்று வருஷத்துக்கு ஒரு பேட்ச்சுக்குப் பாடம் நடத்துகிறவன், சொந்த விஷயத்தில் அந்தப் பாடத்தைக் கோட்டை விட்டேன்.

ஆடி மூன்றாவது ஞாயிறு. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். அப்பா கமிட்டியில் இருப்பதால் விடிந்ததும் போய்விட்டார். அம்மா பத்தரை மணிக்குக் கேப்பைக் கூழ் தவலைக்குக் காவலாகப் போனார். வீட்டில் நான் மட்டும். ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று முடிவு செய்தேன். பதினொன்றே கால் மணிக்கு வளையம் ஏறியது. நேரம் எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்றால், அன்றைக்கு அந்தக் கேள்வியை என்னிடம் நிறைய பேர் கேட்டார்கள்.

பதினொன்றரைக்குக் கழற்றலாம் என்று பார்த்தேன். வரவில்லை. விறைப்பு அடங்கட்டும் என்று பொறுத்தேன். அடங்குவதற்கு உள்ளே போன ரத்தம் வெளியே வர வேண்டும். வருகிற வழியைத்தான் நான் ஸ்டீல் போட்டு அடைத்திருக்கிறேனே. அது அடங்காமல் வீங்க ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். சோப்பு போட்டேன். ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் நூல் சுற்றிக் கழற்றுவார்கள் என்பது ஞாபகம் வந்து, அம்மாவின் பூக்கட்டும் நூலை எடுத்துச் சுற்றியும் பார்த்தேன். அந்த வேதனையை எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. நூலை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆனது.

ஒரு மணிக்கு அம்மா தூக்கில் கூழோடு வந்தார். நான் லுங்கியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தேன். இன்னாடா ஆச்சு என்றார். வயிறு வலி என்றேன். எங்கே என்றார். கீழே என்று கை காட்டினேன். தொட்டுப் பார்க்க வந்தார். தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு வள்ளி அக்கா ஓடி வந்தார். வள்ளி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூத்திரம் சரியாகப் போகுதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றுதான் அன்று காலையிலிருந்து நான் சொன்ன உண்மை.

"கல்லடைப்புதான். எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் சுருண்டுக்கினு படுத்தாரு. வாழைத்தண்டுச் சாறு நாலு டம்ளர் உள்ள போனா கல்லு தானா வந்து வுழும்."

நானும் தலையாட்டினேன். அவ்வளவு நல்ல பொய் தானாக வாசல் தேடி வரும்போது வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கல்லடைப்பு கௌரவமான வியாதி. நம் ஊரில் வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கிறது. ஆனால் கல்லடைப்புக்கு வைத்தியம் தண்ணீர் குடிப்பது என்பதை நான் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

வள்ளி அக்கா தோட்டத்து வாழையை வெட்டினார். அம்மா மிக்சியைப் போட்டார். முதல் டம்ளர் வந்தது. குடித்தேன். பத்து நிமிஷத்தில் இரண்டாவது. பிறகு பார்லித் தண்ணீர். பிறகு ஆத்தா பிரசாதம் என்று ஒரு சொம்பு கூழ், மோர் விட்டுக் கரைத்தது. போதும் என்றால், போதும்னா கல்லு எப்படிடா வரும் என்று அடுத்த டம்ளர். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் இளநீர் அனுப்பினார். உள்ளே போகிற வழி தாராளமாகத் திறந்திருந்தது. வெளியே வருகிற வழியில் சொட்டுச் சொட்டாகத்தான் போக்குவரத்து. அடிவயிறு முரசு மாதிரி ஆகிவிட்டது. இரண்டரை மணிக்கு எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. அப்படியாகப் பொய் சொன்ன பாவம் கழிந்தது.

நடுவில் அம்மா திண்டிவனத்துக்குப் போன் பண்ணிவிட்டார். மூன்று மணிக்கு நித்யா என்னைக் கூப்பிட்டாள். அம்மாவும் வள்ளி அக்காவும் அடுத்த தண்டை நறுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார்கள்.

நித்யாவுக்குக் கல்லடைப்பு தினமும் லேபில் பார்க்கிற விஷயம். வலி முதுகில் ஆரம்பித்து இறங்குகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்தப் பக்கம் என்றாள். இரண்டு பக்கமும் என்றேன். வாந்தி இல்லையா என்றாள். இல்லை என்றேன். 

"இது கல்லு இல்ல. இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். கல்யாணமாகி இரண்டரை மாதமான பெண்ணிடம், போனில், மெதுவான குரலில், வளையம், ஸ்டீல், ஒத்திகை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் இரண்டையும் செய்யாமல், லேபில் ரத்தம் எடுக்கும்போது கேட்கிற குரலில் கேள்வி கேட்டாள்.

"எத்தினி மணிக்குப் போட்டீங்க?"

"பதினொன்னே கால்."

"இப்ப இன்னா கலரு?"

"கத்திரிக்கா கலரு."

"தொட்டா தெரியுதா?"

தொட்டுப் பார்த்தேன். காலையிலிருந்த வலி எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஜில்லென்று இருந்தது. என் கை தொடுவது வேறு யாருடைய உடம்பையோ தொடுவது போல இருந்தது. வலி குறைந்துவிட்டது, நல்லதுதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரியா தெரியல, நித்யா."

"அப்படின்னா ரத்தம் ஓடல. இதுக்கு மேல வூட்டுல இருந்தா அதையே எடுக்க வேண்டி வரும். எண்ணெய், நூலு எதுவும் வேணாம். சாறு குடிக்காதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அங்க கல்லுன்னு சொல்லாதீங்க, உள்ளதச் சொல்லுங்க. நான் வர்றேன். இப்ப போனை அத்தைகிட்ட குடுங்க."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் வெட்கம். வெட்கத்தில் மூன்றரை மணி நேரத்தை ஓட்டிவிட்டேன். முப்பது வயசு, கல்யாணம் ஆன வருஷம், இனிமேல் எனக்கு ஆம்பளை வாழ்க்கையே இல்லாமல் போகலாம் என்று தோன்றியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்து, கல்லு நகருது போல என்று வள்ளி அக்காவிடம் சொன்னார்.

நித்யா அம்மாவிடம் என்ன சொன்னாளோ தெரியாது. கல்லு பெரிசாம், ஸ்கேன் பண்ணாம சாறு குடுக்கக்கூடாதாம் என்று அம்மா அறிவித்தார். நான் ஜாபருக்குப் போன் பண்ணினேன். ஜாபர் எங்கள் நிலையத்தில் வெல்டிங் வாத்தியார். சொந்த ஊர் கோட்டக்குப்பம், குடியிருப்பது எங்கள் பக்கத்தில், பத்து வருஷம் வளைகுடாவில் இரும்பு வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆம்னி வேன் வைத்திருந்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்பமாட்டார்கள். அம்மா செருப்பை மாட்டினார். வள்ளி அக்கா தலையை முடிந்துகொண்டார். கோயிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் ஜாபரைப் பார்த்த பார்வையில் அவர் என்ன படித்தாரோ, வண்டியில் பின்னாடி கேஸ் சிலிண்டர் இருக்கிறது, இரண்டு பேருக்கு மேல் ஏறினால் பேஜாராகிவிடும் என்று சொல்லி எல்லோரையும் நிறுத்தினார். நாங்க பஸ்ஸுல வர்றோம் என்றார் அம்மா. கையில் ஒரு பாட்டில் சாறு இருந்தது.

வண்டி தெருமுனை தாண்டியதும் ஜாபர் கேட்டார், கல்லு என்றால் ஏன் காலை அகட்டிக்கொண்டு நடக்கிறீர்கள் என்று. வளையம் மாட்டிக்கொண்டது என்றேன்.

"எந்த விரல்ல, வாத்தியாரே?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் பெட்ரோல் பங்க் வரை பேசாமல் ஓட்டினார். பிறகு, பின்னாடி கிரைண்டர் இருக்குது என்றார். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். இல்ல இல்ல, அது நம்ம கையால ஆகுற வேலை இல்ல என்று அவரே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த மனிதர் வண்டியைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆடி ஞாயிறு இல்லையா, வழியில் இரண்டு கோயில். இரண்டிலும் பந்தல் போட்டு, போகிற வண்டியை நிறுத்திக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா கூழை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. முதல் பந்தலில் ஜாபர் அவசரம் என்று சொல்லிப் பார்த்தார். குடிச்சிட்டுப் போங்க பாய், ஜல்தி ஆயிடும் என்று எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு டம்ளர் நீட்டினார்கள். ஜாபர் மரியாதையாகக் குடித்தார். நானும் குடித்தேன். இரண்டாவது பந்தலில் வெங்காயமும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் என்ன கம்ப்ளெயிண்ட் என்று கேட்டார். குனிந்து காதோடு சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது, சத்தமா சொல்லுங்க என்று சத்தமாகச் சொன்னார். எனக்குப் பின்னால் இருபது பேர். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வரிசை எதுவும் இல்லாமல் நேரே உள்ளே அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய எமர்ஜென்சியை நான் கட்டிலில் படுத்துக்கொண்டு சாறு குடித்துக் கழித்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

டியூட்டியில் இருந்த சர்ஜன் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. என்னைப் பெற்ற அம்மாவுக்குக்கூடக் காட்ட மறுத்ததை, அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து.

"ஏன் தம்பி இவ்ளோ நேரம்?"

"கூழ் ஊத்துற நாள், மேடம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என்ன உலோகம் என்றார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையன் மாதிரி, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், மேடம், நாலு மில்லி கனம் என்றேன். தங்க மோதிரம் வெட்டுகிற கருவி அங்கே இருந்தது, அது இதன்மேல் கோடுகூடப் போடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எலும்பு டாக்டரிடமிருந்து சின்ன மின்சார வாள் வரவழைத்தார்கள். அது வருவதற்குள் நித்யா வந்துவிட்டாள். கூடவே மாமனார். லேபிலிருந்து அப்படியே வந்திருந்தாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரைக்குள் வந்தாள்.

சம்மதப் படிவத்தில் யாராவது உறவினர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் 'திசு இழப்பு ஏற்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. அவள் அந்த வரியை இரண்டு முறை படித்ததைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"உங்கள யாரு கொறைன்னு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? எனக்குப் புடிச்சுதா இல்லையான்னு எனக்குத்தானே தெரியும்."

அந்த விளம்பரத்தில் எத்தனையோ கேள்வி இருந்தது, இந்த ஒரு கேள்வி இல்லை. எனக்கும் தோன்றவில்லை. நாலு ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

மின்சார வாள் ஓட ஆரம்பித்த சத்தத்தில் எனக்குள் இருந்த பிட்டர் எழுந்துவிட்டான். மேடம், ஸ்டீல் சூடேறும், தண்ணி ஊத்திக்கினே வெட்டணும் என்றேன். தெரியும் தம்பி என்றார். கீழே ஒரு தகடு கொடுத்துக்கோங்க, பிளேடு இறங்கிடும் என்றேன். கொடுத்திருக்கிறோம் தம்பி என்றார். ஒரு பக்கம் வெட்டினால் விரியாது மேடம், எதிர்ப் பக்கமும் வெட்டணும் என்றேன். அவர் வாளை நிறுத்திவிட்டு நித்யாவைப் பார்த்து, இவர் வாயை மூட உங்களால முடியுமா என்று கேட்டார். நித்யா என் வாயில் கை வைத்தாள். சொந்த உடம்பின் மேல் நடக்கிற ஒரு வெட்டு வேலையை வாய் பொத்தி மேற்பார்வை பார்த்த ஒரே பிட்டர் வாத்தியார் நானாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம். ஆறு மணிக்கு வளையம் இரண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது. கத்திரிக்காய் நிறம் மெதுவாக வெளுத்தது. சர்ஜன் நுனியை அழுத்தி விட்டார், ரத்தம் ஓடி வந்து சிவந்தது. பிழைச்சிக்கிச்சு என்றார். நித்யா என் கையை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடி அழுதாள். போனிலிருந்து அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை.

அதற்குப் பிறகு வாழைத்தண்டுச் சாறு, பார்லி, இளநீர், மூன்று கோயில் கூழ் எல்லாம் சேர்ந்து வெளியேறியது. இரண்டு பாத்திரம் மாற்றினார்கள். வார்டு ஆயாம்மா அடேயப்பா என்றார்.

ஒரு நாள் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலை சர்ஜன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். வாங்கக்கூடாதென்று சொல்லவில்லை, வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள் என்று ஆரம்பித்தார். ஸ்டீல் ஆகவே ஆகாது. ரப்பர் மாதிரி இழுபடுகிறதாக இருந்தால் ஒரு கத்தரிக்கோலில் வேலை முடிந்திருக்கும். எதுவானாலும் அரை மணிக்கு மேல் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, குடித்திருக்கும்போது கூடாது. மரத்துப்போனாலோ சில்லிட்டாலோ உடனே வர வேண்டும்.

"நீங்க பரவால்ல, வெளியில மாட்டிக்கிட்டீங்க. அடியில அகலமா தடுப்பு இல்லாத பொருளப் பின்பக்கமா உள்ள விட்டுட்டு வர்றாங்க பாருங்க, அது தானா திரும்பி வராது. நாங்கதான் போய் எடுக்கணும். வர்றவங்க எல்லாரும் ரெண்டு நாள் கழிச்சித்தான் வருவாங்க. பொருளால கெட்டவங்க கம்மி தம்பி, வெட்கத்தால கெட்டவங்கதான் ஜாஸ்தி."

சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் எடுத்து வைக்கக்கூடாது, ஒருவர் பயன்படுத்தியதை அப்படியே இன்னொருவர் தொடக்கூடாது, மட்டமான பிளாஸ்டிக்காக இருந்தால் தோல் புண்ணாகும் என்று இன்னும் நாலைந்து விஷயம் சொன்னார். நித்யா மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். நான் பத்து வருஷமாகப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன், என் வகுப்பில் யாரும் அப்படிக் குறிப்பெடுத்ததில்லை.

வெளியே வராண்டாவில் முதல் நாளே வந்துவிட்ட அம்மா, பாட்டில் சாறோடு உட்கார்ந்திருந்தார். கல்லை எடுத்தாச்சு அத்த, பொடிச்சி எடுத்துட்டாங்க என்று நித்யா சொன்னாள். அம்மா கல்லைக் காட்டச் சொன்னார். டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க என்றாள் நித்யா. கண் இமைக்காமல் பொய் சொல்லுகிற பெண்ணைக் கட்டியிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ரொம்ப சந்தோஷமாக இருந்தது. மாமனார், ஆடி முடியவில்லையே என்று இழுத்தார். புள்ள இந்த நெலமையில கெடக்கும்போது ஆடி இன்னா ஆவணி இன்னா, பொண்ணு இங்கயே இருக்கட்டும் என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். டாக்டர் ஒன்றரை மாதம் தள்ளி இருக்கச் சொன்னதால் அம்மாவின் சித்திரைக் கணக்குக்கும் பங்கம் வரவில்லை.

உடம்பு முழுசாகத் தேறியது. ஐப்பசி வாக்கில் நித்யா, நான் தயாரித்த பழைய கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டாள். அதற்கு மேல் அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

மூன்று வருஷம் கழித்து, ஓசூரில் வேலை பார்க்கிற என் தம்பிக்குக் கல்யாணம் ஆனது. ஆடி பிறந்ததும் அவன் மாமனார் சீர்த்தட்டோடு பெண்ணை அழைத்துப்போக வந்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா சீரை வாங்கி வைத்தார், காபி கொடுத்தார், பெண்ணை மட்டும் அனுப்ப முடியாது என்றார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. எங்க வூட்டுல ஆடிக்குப் பிரிச்சி வச்சா புள்ளைங்களுக்குக் கல்லடைப்பு வந்துடுது. பெரியவனுக்கு அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரி வரிக்கும் போயிட்டு வந்தோம்."

சம்பந்திக்கு ஆர்வம் வந்துவிட்டது. தனக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறது, பெரியவருக்கு என்ன கல்லு, கால்சியமா யூரிக் ஆசிடா என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, அவருக்கு முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டே, ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

"அதெல்லாம் இல்லீங்க. எவர்சில்வர்."

நித்யா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து அவள் சிரித்த சத்தம் வள்ளி அக்கா வீடு வரை கேட்டிருக்கும். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், பேப்பர் குலுங்கியது. அந்த வீட்டில் மூன்று வருஷமாக விஷயம் தெரியாமல் இருந்தது யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். தேறவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு மருமகள்கள் ஆடிக்குத் தாய்வீடு போவதில்லை. யாருக்கு எந்த வயிற்று வலி வந்தாலும், எனக்கு அஜீரணம் வந்தால்கூட, அம்மா முதலில் என் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்: "எத்தினி மணிக்குப் போட்ட?"